டிஜேக்கள் எவ்வளவு நேரம் பழகுகிறார்கள்? வார இறுதி மட்டும் போதுமா?

புதிதாக வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சிங்கப்பூரில் தேசிய சேவையில், அதாவது கட்டாயப் படைப் பணியில், இருக்கும் ஒரு தம்பி. கரோசல் என்ற விற்பனைத் தளத்தில் யாரோ விற்ற டிடிஜே-400 கன்ட்ரோலரை (மடிக்கணினியில் உள்ள பாட்டுகளை மிக்ஸ் செய்யும் கருவி) வாங்கியிருக்கிறார். மூன்று மாதத்தில் தெம்பனிஸில் ஒரு சமூக மன்ற மண்டபத்தில் அக்காவின் நிச்சயதார்த்த விருந்து, பாட்டுப் பொறுப்பு இவருடையது. தெரிந்த அண்ணன் ஒருவர் "தினமும் நாலு மணி நேரம் பழகாமல் மேடைப் பக்கம் போகாதே" என்கிறாராம். கூட்டாளி ஒருவர் "சிங்க் பட்டன் இருக்கும்போது பழக என்ன இருக்கு?" என்கிறாராம். சிங்க் என்பது இரண்டு பாட்டின் வேகத்தையும் தாளத்தையும் தானே ஒன்றாக்கும் பட்டன். டிஜேக்கள் உண்மையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் மிக்ஸ் செய்து (ஒரு பாட்டை அடுத்ததோடு தடையில்லாமல் சேர்த்து) பழகுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். எனக்கு என்னமோ தம்பியின் கவலை மற்ற டிஜேக்களைப் பற்றியதாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை புக் அவுட் ஆகி, அதாவது முகாமிலிருந்து வெளியே வந்து, ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பும் ஒருவருக்கு இடையில் கிடைக்கும் நேரம் போதுமா, சொந்தக்காரர்கள் முன்னால் சொதப்பாமல் தப்பிக்க முடியுமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி.

முடியும். ஆனால் பயிற்சி என்றாலே கன்ட்ரோலர் முன்னால் நிற்பது என்று நினைத்தால் நேரம் போதாது. தமிழ் விருந்துகளுக்கு வாசிப்பவருக்குப் பாதிக்கு மேற்பட்ட வேலை கன்ட்ரோலரைத் தொடாமலே நடக்கிறது. அதை விரிவாகச் சொல்கிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதும் தெரிய வேண்டும். பல வருடமாக இங்கே கல்யாண விருந்து, பிறந்தநாள், சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழு நடத்தும் தீபாவளி, பொங்கல் நிகழ்ச்சி என்று வாசித்து வருகிறேன். இடையிடையே கிளப்பிலும் வாசித்ததுண்டு. இளையவர்கள் சிலருக்குச் சொல்லிக் கொடுத்தும் இருக்கிறேன். ஸ்க்ராட்ச், அதாவது இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்புவது, என் துறை இல்லை. அதைப் பற்றி நான் சொல்வதை வெளியிலிருந்து பார்த்தவன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஜே என்று ஒரே பெயர் இருந்தாலும் பழகும் விதம் ஆளுக்கு ஆள் வேறு. டிஎம்சி மாதிரி டிஜே போட்டிகளில் நிற்கும் டர்ன்டேபிலிஸ்டுகளுக்கு (இசைத்தட்டுச் சுழலியையே வாத்தியமாக வாசிப்பவர்கள்) மேடையில் கிடைப்பது ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் கை செய்யும் ஒவ்வொரு அசைவும் மிருதங்கக்காரர் கோர்வை பழகுவது மாதிரி மாதக்கணக்கில் உருப்போட்டது. அவர்களுக்குத் தினமும் சில மணி நேரம் என்பது சர்வ சாதாரணம். வாரம் மூன்று நான்கு இரவு கிளப்பில் வாசிக்கும் ரெசிடென்ட் டிஜேக்கள் வீட்டில் மிக்ஸ் பழகுவதே அபூர்வம். வேலையிலேயே கை ஓடிவிடுகிறது. அவர்கள் வீட்டு நேரமெல்லாம் புதுப் பாட்டு தேடுவதிலும் அதை அடுக்கி வைப்பதிலும் போகிறது. என்னைப் போல வார இறுதிக்காரர்கள் நடுவில் இருக்கிறோம்: ஆரம்ப ஒன்றிரண்டு வருடம் வாரத்தில் மூன்று நான்கு நாள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், பிறகு நிகழ்ச்சி வருவதற்கு முந்தைய வாரங்களில் மட்டும். நான் பழகிப் பார்த்தவர்களை வைத்துச் சொல்கிறேன், கணக்கெடுப்பு எதுவும் இல்லை.

அந்த அண்ணன் சொன்ன நாலு மணி நேரம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். 1993ல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். சிறந்த மாணவர்கள் தனியாகப் பழகிய நேரம் நாளுக்கு ஏறத்தாழ மூன்றரை மணி. 20 வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரத்தைத் தாண்டியிருந்தார்கள். இந்தப் பத்தாயிரம்தான் பின்னால் ஊரெல்லாம் பரவி, எதற்கும் பொருந்தும் விதி மாதிரி ஆகிவிட்டது. அந்த ஆய்விலேயே அது ஒரு சராசரிதான், தாண்ட வேண்டிய கோடு இல்லை. 2014ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், இசையில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள திறமை வித்தியாசத்தில் சுமார் 21 விழுக்காட்டைத்தான் பயிற்சி நேரத்தை வைத்து விளக்க முடிகிறது என்றார்கள். இதெல்லாம் வயலின் மாதிரி வாத்தியங்களைப் பற்றிய பேச்சு. டிஜேக்கு அப்படியே பொருத்துவது சரியா என்பது சந்தேகம். எனக்கு அதில் உபயோகமாகப் பட்டது இன்னொன்று: அந்த மாணவர்கள் மூன்றரை மணியை ஒரே மூச்சில் பழகவில்லை. ஒன்றரை மணிக்குள் ஓர் அமர்வு, நடுவில் ஓய்வு, மதியத்தில் தூக்கம்கூட உண்டு. ஒரே நாளில் கொட்டிப் படிப்பதைவிடப் பல நாளுக்குப் பிரித்துப் படித்தால் மனதில் நிற்கும் என்பது நினைவாற்றல் ஆய்வில் நூறு வருடத்துக்கு மேலாக உறுதியாகியிருக்கும் விஷயம். அதனால் சனிக்கிழமை நாலு மணி நேரம் நிற்பதைவிட, வெள்ளி இரவு அரை மணி, சனி காலை முக்கால் மணி, மாலை முக்கால் மணி, ஞாயிறு மதியம் அரை மணி என்று பிரிப்பது நிச்சயமாக நல்லது.

முக்கால் மணிக்கு மேல் போக வேண்டாம் என்பதற்குக் காதும் ஒரு காரணம். இரண்டு பாட்டின் கிக்கும் (தாளத்தின் கனமான டிரம் அடி) சரியாக ஒன்றாக விழும்போது ஒரே கிக் மாதிரிதான் கேட்கும், கொஞ்சம் கனமாக. விலக ஆரம்பித்ததும் முதலில் அந்தக் கனம் போகும், கிக்கின் ஓரம் மழுங்கும். அப்புறம் "தட்தட்" என்று இரட்டையாகக் கேட்கும். கிக் இரட்டையாகிவிட்டால் கூட்டத்துக்கும் தெரிந்துவிடும். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகக் கணக்கு) ஓடும் பாட்டும் 120.5ல் ஓடும் பாட்டும் எட்டு பார் (ஒரு பார் நாலு பீட்) தூரத்தில், அதாவது 16 நொடியில், ஏறத்தாழ 65 மில்லிநொடி விலகிவிடும். வெறும் அரை பிபிஎம்முக்கே இந்தக் கதை. கனம் குறைகிற கட்டத்திலேயே காது அதைப் பிடித்து, எந்தப் பாட்டு முந்துகிறது என்று தெரிந்து, கை ஜாக் வீலை (கன்ட்ரோலரில் உள்ள வட்டச் சக்கரம்) இலேசாகத் தள்ள வேண்டும். பழக வேண்டியது இந்த ஒரு விநாடி வேலையைத்தான். களைத்த காது இதைப் பிடிக்காது. ஒரு மணி நேரம் தாண்டியதும் எல்லாமே சரியாக இருப்பது போலத் தோன்றும், மறுநாள் பதிவைக் கேட்டால்தான் லட்சணம் தெரியும்.

நான் எல்லாருக்கும் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. இரண்டு பாட்டை ஒன்றாக ஓட விட்டு, வேண்டுமென்றே ஒன்றைத் தள்ளிக் கெடுங்கள். எட்டு பீட்டுக்குள் சரி செய்யுங்கள். திரும்பக் கெடுங்கள். பத்து நிமிடம் இதை மட்டும் செய்தால் போதும். நிகழ்ச்சியில் எப்படியும் ஏதாவது கெடும். கெட்டதைச் சீக்கிரம் சரி செய்யத் தெரிந்தவரைப் பார்த்துத்தான் 'நல்ல டிஜே' என்கிறார்கள்.

சிங்க் பட்டன் விஷயத்தில் உங்கள் கூட்டாளி பாதி சரி. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மாதிரி டர்ன்டேபிளில் பழகியவர்களுக்கு வேறு வழியே இல்லை. பிட்ச் ஸ்லைடரைக் கையால் நகர்த்தி, காதால் கேட்டுத்தான் சேர்த்தாக வேண்டும். அவர்களின் பயிற்சி நேரத்தில் பெரும் பகுதி இதற்கே போனது. இன்று அந்த நேரம் உங்களுக்கு மிச்சம். ஆனால் சிங்க் உங்கள் பாட்டைக் கேட்பதில்லை. ரெகார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருள் போட்டு வைத்த பீட் கிரிட்டைத்தான், அதாவது பீட் எங்கெங்கே விழுகிறது என்ற குறிகளைத்தான், பார்க்கிறது. கிரிட் தப்பாக இருந்தால் சிங்க் ரொம்ப ஒழுங்காகத் தப்பு செய்யும். ஹவுஸ், டெக்னோ மாதிரி கணினியில் பிறந்த இசைக்குக் கிரிட் பெரும்பாலும் சரியாக விழும். நம் பாட்டுக்கு அப்படி இல்லை. காதால் சேர்க்கக் கட்டாயம் கற்க வேண்டுமா என்பதில் டிஜேக்களுக்குள்ளேயே சண்டை உண்டு. என் கருத்து: உங்கள் விருந்துக்கு அது கட்டாயம் இல்லை, ஆனால் கிரிட் தப்பு என்று கண்டுபிடிக்கும் அளவுக்காவது காது வேண்டும். திரையில் பிபிஎம் தெரியும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு, அமர்வின் கடைசிப் பத்து நிமிடம் சிங்க் இல்லாமல் முயன்று பாருங்கள்.

இனி நம் பாட்டு. இணையத்தில் கிடைக்கும் மிக்ஸிங் பாடங்களில் பெரும்பாலானவை ஹவுஸ் இசையை வைத்து எடுக்கப்பட்டவை. அந்தப் பாட்டுகள் டிஜேக்காகவே செய்யப்பட்டவை: ஆரம்பத்தில் வெறும் தாளம், முடிவில் வெறும் தாளம், நடுவில் எல்லாம் எட்டு, பதினாறு பாராக ஒழுங்காகப் பிரிந்திருக்கும். தமிழ் சினிமாப் பாட்டு காட்சிக்காகச் செய்தது. ஹம்மிங்கில் ஆரம்பிக்கும், புல்லாங்குழல் வரும், தாளம் இருபது நொடி கழித்துத்தான் உள்ளே வரும். பல்லவி, இடையிசை, சரணம், இன்னோர் இடையிசை என்று போகும். அந்த இரண்டாவது இடையிசையில் வயலின்கள் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது ஆடுபவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதனால் விருந்தில் பல்லவி, முதல் சரணம், திரும்பப் பல்லவி, அங்கேயே வெளியேறுதல் என்பதுதான் பலரும் செய்வது. திரும்ப வரும் பல்லவியின் கடைசி நாலு பீட்டை லூப்பில் பிடித்துத் திரும்பத் திரும்ப ஓட விட்டால் அடுத்த பாட்டைக் கொண்டு வர இடம் கிடைக்கும். எந்தப் பாட்டில் அந்த நாலு பீட் சுத்தமாக இருக்கிறது, எதில் பாடகரின் குரல் நீண்டுகொண்டு மாட்டிக்கொள்ளும் என்பது ஒவ்வொரு பாட்டாகப் பழகித்தான் தெரியும்.

அப்புறம் வேகம். 1980களின் நடுப்பகுதிவரை வந்த பாட்டுகளில் பெரும்பாலானவை முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை. மனிதர்கள் வாசித்தால் சரணத்தில் கொஞ்சம் இழுக்கும், இடையிசையில் கொஞ்சம் ஓடும். பாட்டுக்கு அதுதான் அழகு, டிஜேக்கு அதுதான் தலைவலி. ஆரம்பத்தில் சரியாக உட்கார்ந்த கிரிட் இரண்டாவது நிமிடத்தில் எங்கேயோ இருக்கும். 1990களில் சீக்வென்சர் (தாளத்தை ஒரே வேகத்தில் ஓட்டும் மின்னணுக் கருவி) பரவலான பிறகு வந்த பாட்டுகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. பழைய பாட்டுகளை ரெகார்ட்பாக்ஸில் டைனமிக் முறையில் (வேக மாற்றத்தைப் பின்தொடரும் முறை) அலசிப் பாருங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் நீண்ட மிக்ஸ் ஆசையை விட்டுவிட்டு, பல்லவி முடியும் இடத்தில் வெட்டி அடுத்த பாட்டை அதன் முதல் அடியில் போடுங்கள். இளையராஜா பாட்டுக்குக் காத்திருக்கும் மாமாக்களுக்கு அந்தப் பாட்டு முழுதாகக் காதில் விழுந்தால் போதும், எட்டு பார் மிக்ஸ் வேண்டியதில்லை. வேகத்தை ரொம்பவும் ஏற்றாதீர்கள். கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் வசதி) இல்லாமல் ஆறு விழுக்காடு ஏற்றினால் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் ஏறிவிடும். பாட்டி முதல் பேத்தி வரை எல்லாருக்கும் பழகிய எஸ்பிபியின் குரல் அது, மாறினால் முகம் சுளிப்பார்கள்.

எல்லாவற்றையும்விடச் சிக்கல் குத்துப் பாட்டிலும் உறுமி மேளத்திலும் இருக்கிறது. இங்கேயும் மலேசியாவிலும் உறுமி இல்லாமல் விருந்து முடிவதில்லை, தெரிந்ததுதான். அவற்றில் பெரும்பகுதி ஒரு அடிக்குள் மூன்று மூன்றாகப் பிரியும் நடை. கிளப் பாட்டு ஒரு அடிக்குள் இரண்டு நான்காகப் பிரியும். இரண்டையும் ஒரே பிபிஎம்முக்குக் கொண்டு வந்து மேலே மேலே ஓட விட்டால் கிக் மட்டும் ஒன்றாக விழும், நடுவில் உள்ள சத்தமெல்லாம் ஒன்றோடொன்று இடிக்கும். திரையில் பார்த்தால் அலைவடிவம் அழகாகச் சேர்ந்திருக்கும், காதில் கேட்டால் சட்டி பானை உருளும். இதில் மென்பொருளும் குழம்பும். 100ல் நடக்கும் பாட்டை 150 என்று காட்டும், அல்லது நேர்மாறாக. நீங்களே காலால் தட்டிப் பார்த்து, தப்பு என்றால் மாற்றிவிடுங்கள். நடை மாறும் இடத்தில் மேலே மேலே ஓட விடவே வேண்டாம். முதல் பாட்டை ஒரு வாக்கியம் முடியும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள், கடைசி இரண்டு பீட்டில் பேஸைக் குறையுங்கள், ஒரு எக்கோ விடுங்கள், அது அடங்கும் முன் உறுமியின் முதல் அடியைச் சரியாக 'ஒன்று' என்ற இடத்தில் இறக்குங்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது மிக்ஸே இல்லை, வெட்டு. ஆனால் மண்டபத்தில் விசில் வருவது இங்கேதான். இதற்கு விரல் துல்லியம் வேண்டும், அதனால் தனியாகப் பழக வேண்டும். ஒரே இரண்டு பாட்டை வைத்துக்கொண்டு, அந்த நாலு நொடியை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

இப்போது முகாமில் இருக்கும் ஐந்து நாளுக்கு வருவோம். அந்த நாள்களைப் பயிற்சி இல்லாத நாள் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான நேரம். ஓய்வு கிடைக்கும்போது கைப்பேசியில் பாட்டைக் கேளுங்கள், ஆனால் ரசிகனாகக் கேட்காதீர்கள். தாளம் எந்த நொடியில் உள்ளே வருகிறது, மக்கள் சேர்ந்து பாடும் வரி எது, அது எத்தனையாவது நொடி, குரல் இல்லாத இடம் எங்கே, எங்கே வெளியேறலாம், இதன் பின்னால் என்ன வரலாம் என்று குறிப்பு எழுதுங்கள். வெள்ளி இரவு வீட்டுக்கு வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து ஹாட் க்யூ (ஒரே அழுத்தில் அந்த இடத்துக்குத் தாவ வைக்கும் குறி) போட்டால் அரை மணியில் பத்துப் பாட்டு தயார். இப்படித் தெரிந்து வைத்த நாற்பது பாட்டு, யாரோ யூஎஸ்பியில் கொடுத்த நாலாயிரம் பாட்டைவிட உங்களுக்கு உதவும். உங்கள் ரசனை மட்டும் போதாது என்பதையும் இந்த நேரத்திலேயே கவனியுங்கள். அக்காவிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் கேட்டுப் பட்டியல் வாங்குங்கள். எம்ஜிஆர் காலத்துப் பாட்டு கேட்கும் தாத்தா இருப்பார், அனிருத்தைத் தவிர வேறு எதற்கும் எழுந்திருக்காத தங்கைகள் இருப்பார்கள், மலேசியச் சொந்தம் யோகி பி கேட்கும், அக்காவின் அலுவலக நண்பர்களில் தமிழ் தெரியாதவர்களும் இருப்பார்கள்.

பதிவு செய்து கேட்பதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. மென்பொருளிலேயே ரெக்கார்ட் வசதி இருக்கிறது. சனிக்கிழமை மாலை நடுவில் நிறுத்தாமல் முப்பது நிமிடம் வாசித்துப் பதிவு செய்யுங்கள். தப்பு வந்தாலும் நிறுத்தக் கூடாது, மேடையில் நிறுத்த முடியாது இல்லையா. உடனே கேட்காதீர்கள். ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் கேளுங்கள். கேட்கும்போது உங்களுக்கே காது கூசும் இடங்கள்தான் அடுத்த வாரப் பயிற்சி. பெரும்பாலும் அது பீட் விலகலாக இருக்காது. ஒரு பாட்டைவிட அடுத்த பாட்டு சத்தம் குறைவாக இருப்பது, இரண்டு பாட்டின் பேஸும் ஒரே நேரத்தில் திறந்திருப்பது, ஒரே பாட்டில் ரொம்ப நேரம் தங்கிவிடுவது, இவைதான் அதிகம். பழைய பதிவுகள் புதியவற்றைவிட மெதுவான சத்தத்தில் இருக்கும். ஒவ்வொரு பாட்டின் சத்த அளவையும் மாற்றும் ட்ரிம் குமிழைத் தொட்டுச் சமப்படுத்தும் பழக்கம் கைக்கு வந்துவிட வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தமில்லை, சத்தம் கிழிகிறது என்று அர்த்தம்.

வீட்டில் எப்போது, எவ்வளவு சத்தத்தில் என்று ஒரு வார்த்தை. இரவில் அமைதி காக்கச் சொல்லி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அறிவுறுத்துகிறது. ஆனால் பகலில்கூட பேஸ் சத்தம் சுவரையும் தளத்தையும் தாண்டி மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் போகும். சின்ன ஸ்பீக்கரில், பேஸைக் குறைத்து, பக்கத்தில் நிற்பவரோடு சாதாரணமாகப் பேச முடிகிற அளவில் பழகுங்கள். அது காதுக்கும் நல்லது. இங்கே வேலையிட விதிப்படி எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு. ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 94ல் ஒரு மணி நேரம், 100ல் கால் மணி நேரம். ஹெட்போனை முழுதாகத் திருகி வைத்துக்கொண்டு தினமும் நாலு மணி நேரம் பழகுபவர் எதைக் கற்கிறாரோ இல்லையோ, காதில் இரைச்சலை வாங்கிக்கொள்வார். கேட்கும் திறன் போனால் திரும்பாது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

வீட்டில் நன்றாக வருவது மண்டபத்தில் ஏன் விலகுகிறது என்று பலர் குழம்புவார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால் அந்தச் சத்தம் உங்களை வந்தடைய 40 மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஹெட்போனில் உள்ளது உடனே கேட்கிறது. இரண்டையும் வைத்துச் சேர்த்தால் சரியாக இருப்பது தப்பாகக் கேட்கும், நீங்கள் போய் நல்லதைக் கெடுப்பீர்கள். தொழில்முறை டிஜேக்கள் பக்கத்தில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் கேட்பது இதனால்தான். டிடிஜே-400ல் பூத் அவுட், அதாவது அந்த மானிட்டருக்கான தனி வெளியீடு, கிடையாது. அதனால் ஹெட்போனிலேயே மாஸ்டரையும் (கூட்டத்துக்குப் போவது) க்யூவையும் (அடுத்து வரவிருப்பது) சேர்த்துக் கேட்டு மிக்ஸ் செய்யும் முறையை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு பழகுங்கள், விளக்கைக் குறைத்தும் பழகுங்கள். தங்கையை விட்டு நடுவில் "அண்ணே, இந்தப் பாட்டு இருக்கா?" என்று தொந்தரவு செய்யச் சொல்லுங்கள். எம்சி திடீரென்று மைக்கை எடுத்தால் சத்தத்தைச் சீராக இறக்கி ஏற்றுவதும் பழக வேண்டியதே. நிச்சயதார்த்த விருந்தில் மிக்ஸைவிட இதுதான் அதிகம் நடக்கும்.

வீட்டில் பழக முடியாதது கூட்டத்தைப் படிப்பது. எத்தனை மணி நேரம் அறையில் நின்றாலும் அது வராது. யாராவது தெரிந்த டிஜேயின் நிகழ்ச்சியில், விருந்தினர் சாப்பிடும் முதல் ஒரு மணி நேரத்தை வாசிக்கக் கேளுங்கள். அந்த நேரத்தில் ஆடச் சொல்லி யாரும் எதிர்பார்ப்பதில்லை, பெரும்பாலான டிஜேக்கள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். எந்தப் பாட்டுக்கு மேசையில் விரல் தட்டுகிறது, எதற்குச் சமையல் பக்கம் நிற்கும் பையன்கூடத் தலையாட்டுகிறான் என்று பாருங்கள். அப்படி ஓர் இரவு, அறைக்குள் பழகும் பல வாரத்துக்குச் சமம் என்பது என் அனுபவம்.

உங்கள் மூன்று மாதத்தை நான் பிரித்தால் இப்படி இருக்கும். முதல் மாதம் பத்தே பாட்டு, சிங்க் போட்டே, பேஸ் மாற்றுவதையும் வெளியேறும் இடத்தையும் மட்டும். இரண்டாவது மாதம் நடை மாறும் வெட்டு, பழைய பாட்டுகள், சனிக்கிழமைப் பதிவு. மூன்றாவது மாதம் முழு நாற்பது நிமிடம் நிறுத்தாமல். விருந்துகளில் சாப்பாடு, பேச்சு, கேக் எல்லாம் போக ஆட்டத்துக்குக் கிடைப்பது முக்கால் மணி அளவுதான், அதற்கு மேல் தயார் செய்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடைசி வாரம் புதுப் பாட்டு எதையும் சேர்க்காதீர்கள். முகாமில் ஏதாவது பயிற்சி வந்து ஒரு வார இறுதி போனாலும் கவலை இல்லை, ஒரு வாரத்தில் கை மறந்துவிடாது. மூன்று வாரம் தொடர்ந்து தொடாமல் விட்டால் கொஞ்சம் துருப்பிடிக்கும், இரண்டு அமர்வில் திரும்பிவிடும். 

கடைசியாக ஒரு விஷயம், இதைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளாமல் விட்டுவிடுவார்கள். டிடிஜே-400 மடிக்கணினி இல்லாமல் ஓடாது, ஸ்பீக்கருக்கு ஒலி வெளியே வருவது ஆர்சிஏ வகை இணைப்பில் மட்டும். சமூக மன்ற மண்டபங்களில் உள்ள மிக்ஸர்களில் பெரும்பாலும் எக்ஸ்எல்ஆர் அல்லது கால் அங்குல ஜாக் இருக்கும். சரியான கேபிளை முன்கூட்டியே வாங்கி, ஒருமுறை போய்ச் செருகிப் பாருங்கள். மடிக்கணினி நின்றுவிட்டால் உடனே ஓட விட, அரை மணி நேரப் பதிவு ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருங்கள். அதற்கும் தனிக் கேபிள் வேண்டும். மண்டபம் உறுதியானதும் அங்குள்ள மிக்ஸரின் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள், என்ன வாங்குவது என்று பார்த்துச் சொல்கிறேன்.